கறுப்பு உறைக்குள் கொலைக்கதை

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என் மேசையில் கிடக்கிறது. அச்சு மை இன்னும் மணக்கிறது. மூன்றாம் பக்கத்தில் உன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்: "உலக நூல்களைத் தொடாதவர். இறுதிவரை செபப்புத்தகமே அவரது துணை." நேற்றிலிருந்து பத்துத் தடவையாவது வாசித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

யாரைச் சொல்கிறார்கள், சொல்லு! முப்பது வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் மதிலோரம் நின்று என்னோடு புத்தகம் மாற்றினவளையா? செட்டிபாளையத்திலிருந்து பஸ் ஏறி நான் இரண்டு புத்தகம் கொண்டு வருவேன். ஒன்று ஞானவாசகம், மற்றது கதை. நீயும் அப்படியே இரண்டு தருவாய். ஒருமுறை அவசரத்தில் ஒரு புனிதரின் வரலாற்றை மட்டும் கொண்டு வந்துவிட்டேன். "என்னகா, கறி இல்லாம சோத்தை மட்டும் போடுறாய்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

கொலைக்கதை என்றால் உனக்கு உயிர். அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தாய். "சாமிப் புத்தகம் வாசிச்சா என்ட பாவம் தெரியுது. கொலைக்கதை வாசிச்சா மத்தவங்கட பாவம் தெரியுது. ரெண்டும் தெரிஞ்சாத்தான்கா பாதரிட்டப் போய் ஒழுங்காப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம்." அதற்காக ஞானவாசகத்தை நீ ஒப்புக்கு வாசித்தவளில்லை. பென்சிலோடு உட்கார்ந்து புனிதர்களோடு வழக்காடுவாய். துன்பத்தைத் தேடிப் போகச் சொன்ன ஒரு பக்கத்தின் ஓரத்தில், "நீங்க போங்க சுவாமி, எனக்கு வீட்டிலேயே கிடக்கு" என்று எழுதி வைத்திருந்தாய். உன் செபப்புத்தகத்திலும் அப்படித்தான், வெள்ளை இடம் கண்ட இடமெல்லாம் உன் எழுத்து.

புனிதர்களுக்கே பயப்படாதவள் மச்சாளுக்குப் பயந்தாயே! அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உன் கணவர் காலமான பிறகு அவருடைய தங்கை உன்னோடு வந்து இருந்தார். வியாழக்கிழமை தோறும் வீட்டு விறாந்தையில் செபக்கூட்டம் நடத்துகிறவர். ஒருநாள் கத்திப் படம் போட்ட அட்டையை மேசையில் கண்டுவிட்டு, "வீட்டுக்குள்ள சாத்தானையா கொண்டு வந்து வைச்சிருக்கிறீங்க, மச்சாள்?" என்று கேட்டாராம். நீ பதில் சொல்லியிருக்கலாம். உன் வீடு, உன் மேசை, உன் கண். நீ செய்தது என்ன? செபப்புத்தகத்தின் கறுப்புத் தோலுறையைக் கழற்றிக் கதைப்புத்தகத்துக்குப் போட்டாய்; பிறகு வந்த ஒவ்வொரு கதைக்கும் அதே உறைதான். உறையில்லாத செபப்புத்தகத்தை என்னிடம் தந்து, "உன்ட அலுமாரிக்குள்ள கிடக்கட்டும்கா, இஞ்ச வைச்சா பிடிபட்டிருவன்" என்றாய். மூச்சுமுட்ட இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காக இன்று என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு ஒரு காலையில் நீ எழும்பவில்லை.

பெட்டிக்குள் உன்னைப் பார்த்தேன். செபமாலை சுற்றிய கைகளுக்குள் அந்தக் கறுப்பு உறை. தலையணைக்குப் பக்கத்தில் இருந்ததை மச்சாள்தான் எடுத்து, முத்தமிட்டு, உன் கையில் வைத்தாராம். நான் மருந்துப் பெட்டி மட்டையில் வெட்டித் தந்த நீல அடையாளம் பக்கங்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்தது, முடிவுக்குக் கால்வாசி இருக்கிற இடத்தில். இரண்டு கிழமைக்கு முன் நான் தந்த கொலைக்கதை! சொல்ல வாயெடுத்தேன். சுற்றிவர ஒரே அழுகை. பாதரும் வந்துவிட்டார். மூடிவிட்டார்கள். நான் ஊமைக்கோட்டான் மாதிரி நின்றேன்.

நேற்றுப் பூசைக்குப் பிறகு உன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். மலரைக் கையில் தந்து, "அக்கா, நீங்க பழைய சிநேகிதி. ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார் மச்சாள். மூன்றாம் பக்கத்தை வாசித்தேன். எழும்பினேன்.

"என்ட தலைமாட்டில இப்ப ஒரு கன்னியாஸ்திரி எழுதின தியானப் புத்தகம் கிடக்கு. அதுக்கு மேல கப்பல்ல நடக்கிற ஒரு களவுக்கதை கிடக்கு. ரெண்டையும் வாசிக்கிறன். அவவும் அப்படித்தான் வாசிச்சவ. இந்த மலர்ல கிடக்கிறது பொய்." வீட்டில் கொடுத்துவிடலாமென்று பையில் கொண்டுபோன உன் செபப்புத்தகத்தை எடுத்து நீட்டினேன். "இதுதான் அவட செபப்புத்தகம். பெட்டிக்குள்ள போனது கொலைக்கதை."

மச்சாள் கத்துவார் என்றுதான் இருந்தேன். திருப்பிக் கொடுக்க நாலு சுடுசொல்லும் தயாராக வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். உன் பென்சில் எழுத்தைக் கண்டதும் விரலை அதன்மேல் வைத்தார்.

"அப்ப அவ செபப்புத்தகம் இல்லாமலா போனவ? என்ட கையாலதானே வைச்சன்..." என்று விம்மத் தொடங்கினார்.

அந்த அழுகை என் கோபத்துக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "செபமெல்லாம் அவவுக்கு மனப்பாடம், தங்கச்சி. கதைதான் முடியாமக் கிடந்தது" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே. நான் என்ன, கடிச்சுத் திண்டிருவனா?"

இதை அவர் கேட்க வேண்டியது உன்னிடம். அந்த மனுசி கண்டதைத்தானே மலரில் எழுதினார்? ஒரே வீட்டில் இத்தனை வருடம் அவருக்கு ஒரு உறையை மட்டும் காட்டிவிட்டுப் போயிருக்கிறாய். கூட நின்று சிரித்தவள் நான். நீ பாட்டுக்குப் போய்விட்டாய். இனி ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியவள் நான்.