உறைந்த முடிச்சு

கேட்டி, டெக்சாஸ்

என் கயிற்றின் மறுமுனையில் இருந்த மிக்கேலுக்கு,

பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேன். அதனால் முப்பத்தைந்து வருடமாகச் சொல்லிவரும் வரிசையிலேயே எண் போட்டுக்கொள்கிறேன்.

1. நாம் தினமும் அடித்தது.
2. எனக்காக நீ அடிபட்டது.
3. உன் முடிச்சை நீயே அவிழ்த்தது.

வடதுருவக் கடலில் மாலுமிக்கு வேலை என்றால் அடிப்பதுதான். மீன்பிடிக் கப்பலின் தளத்தில் விழுகிற அலை அப்படியே பனிக்கட்டியாகும். உடைக்காமல் விட்டால் பாரத்தில் கப்பல் கவிழும். சூரியனே வராத மாதங்களில் நான்கு மணி நேரம் மரச்சம்மட்டியால் அடிப்போம், நான்கு மணி நேரம் தூங்குவோம். உள்ளங்கைத் தோல் கையுறையோடு உரிந்து வரும். கடலும் திருப்பி அடிக்கும். என் முன்பற்கள் இரண்டு அங்கேதான் போயின.

எழுந்திருக்கத் தாமதித்தால் நம் மேஸ்திரி விலாவில் உதைப்பார். ஒருநாள் என்னை உதைத்தபோது நீ அவர் மூக்கை உடைத்தாய். அவருடைய ஆட்கள் உன் முகத்தை இரும்புக் கதவில் மோதினார்கள். ரத்தத்தைத் துப்பிவிட்டு, மீன் அறுக்கும் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தாய்.

"ஏலே பி.ஏ., இவ்வளவு படிச்சும் ஒரு குத்து விடத் தெரியலியே! வா, கயித்தக் கட்டு."

இருவர் இருவராக ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு அடிப்பது நம் வழக்கம். அன்று அலை உன்னைக் கப்பலுக்கு வெளியே வீசியது. உன் பாரம் என்னைக் கைப்பிடிக் கம்பியில் நசுக்கியது; விலா எலும்பு முறிவது எனக்கே கேட்டது. திடீரெனக் கயிறு தளர்ந்தது. மேஸ்திரி என்னை உள்ளே இழுத்துப்போட்டு, அவிழாத என் முடிச்சைக் கத்தியால் அறுத்தார்; கயிறு கடலோடு போனது. விசாரணையில், நீயே முடிச்சை அவிழ்த்துவிட்டாய் என்றேன்.

தூத்துக்குடியில் உன் மனைவி ஜெசிந்தா கேட்டாள்: "எங்கள வேண்டாமுன்னா போனாவ, அண்ணே?"

விசாரணையில் சொன்னதையே அவளிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் இங்கே பனிமழை. வாசல் மரக்கன்றைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க நான் மல்லாடிக்கொண்டிருந்தேன். மகன் கத்தியோடு வந்தான்.

"விடுங்கப்பா, ஃப்ரீஸ் ஆயிடுச்சு. அவிழவே அவிழாது. கட் பண்ணித்தான் எடுக்கணும்."

அந்தப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் முடிச்சு அவிழவில்லையே, உன்னுடையது எப்படி அவிழ்ந்திருக்கும்? கத்தியை உருவும்போது என்னைக் கூப்பிட்டாயா, மிக்கேல்?

ஜெசிந்தா அதே வீட்டில்தான் இருக்கிறாளாம். டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். நேரில் போய்ச் சொல்வேன். அவள் அடித்தால் வாங்கிக்கொள்வேன்.

மூன்றாவதாக நான் எழுதியது தவறு. நீ அவிழ்க்கவில்லை; என்னைக் காப்பாற்ற அறுத்தாய்.

நீ விட்டுவைத்த தம்பி,
பி.ஏ.