தோளில் வைத்த பஞ்சு

தாராவி, பம்பாய்
18-7-1965

அன்பு மகள் சொர்ணத்துக்கு அப்பா எழுதுவது. கரக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி முத்துப்பேச்சியும் நோய்நொடியில்லாமல் இருக்க முத்தாரம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்தத் தடவை மனம் துணியவில்லை.

உன் தங்கை பேராச்சிக்கு முதுகெலும்பு வளைந்திருக்கிறது. போன மாதம் பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டரம்மா பிள்ளைகளை வரிசையாகக் குனியச் சொல்லிப் பார்த்தபோது இவளுக்கு மட்டும் வலது முதுகு மேடாகத் தெரிந்ததாம், சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டார். மழையோடு மழையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தோம். எப்போதிலிருந்து இப்படி என்று அங்கே டாக்டர் கேட்டார், இப்போதுதான் தெரியும் என்றாள் உன் அம்மா, நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும் தாயி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவளுக்கு ரவிக்கை தைக்கிறவன் நான்தானே. முதலில் இடது தோள் கால் இஞ்ச் இறங்கியிருந்தது, பிறகு அரை, இந்தப் பொங்கலுக்கு முக்கால், எல்லாம் என் அளவு நோட்டில் இருக்கிறது. நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதே என்று இறங்கின தோளில் பஞ்சு வைத்துத் தைத்தேன், உன் அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. வேலை சுத்தம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

மறுநாள் அந்த நோட்டை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொரு தேதியாகப் பார்த்துவிட்டு, அரை இஞ்சில் வந்திருந்தால் முதுகுக்குப் பட்டை போட்டே வளைவை நிறுத்தப் பார்த்திருக்கலாம் என்றார், திட்டியிருந்தால் தேவலை. இப்போது கழுத்திலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்ப்பார்கள், வளைவு கூடினால் ஆபரேஷன். பேராச்சியிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன், அதற்குள் அவளே, "எனக்குத் தெரியும்ப்பா, ரவிக்கைய மடிக்கும்போது பஞ்சு கையில படும்லா, நீங்க சங்கடப்படுவியன்னுதான் கேக்கல" என்றாள். அதிலிருந்து எனக்கு மிஷினில் உட்கார வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உன் கல்யாண ரவிக்கையிலும் இடது தோளில் பஞ்சு வைத்தேன் சொர்ணம். கால் இஞ்ச்தான். முதுகு வலிக்கிறது என்று நீ எழுதும்போதெல்லாம் தைலம் வாங்கி அனுப்பினேன். கூடப்பிறந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பார்ப்பது நல்லது என்கிறார் டாக்டர். நீ ரயில்வே ஆஸ்பத்திரியில் காட்டு. முத்துப்பேச்சியைச் சட்டையில்லாமல் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பார்.

எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசிகள். தீபாவளிச் சட்டைக்குப் பேத்தியின் அளவு கேட்டிருந்தேனே, மறக்காதே, இரண்டு தோளையும் தனித்தனியாக அளந்து, இருப்பதை இருக்கிறபடி எழுது.

உன் அப்பா,
வெயிலுமுத்து