உன் அடுப்பு எந்த நாட்டுக் கணக்கில்

மச்சான்,

இன்று காலை வழக்கம்போல, புதிதாக வெளியான காப்புரிமை விண்ணப்பங்களைத் தேடிப்பார்த்தேன். உமி எரிக்கும் அடுப்புகளின் வரிசையில் உன் பெயர் வந்து நின்றது. கண்டுபிடித்தவர் நீ. விலாசம் கட்டுகஸ்தோட்டையில் உன் வீடு. நீ விண்ணப்பித்ததே எனக்குத் தெரியாது. என் கை மவுஸை விட்டுவிட்டது.

நான் அதிர்ந்திருக்கக் கூடாது. ஒரு விண்ணப்பத்தைப் பதினெட்டு மாதம் பூட்டி வைத்துத்தான் வெளியிடுவார்கள். விண்ணப்பங்களை நாடுவாரியாக எண்ணும் நம் தொழிலில் அது அரிச்சுவடி. அதை மறந்து ஒருமுறை நான் மாட்டிக்கொண்டேனே, ஞாபகமா? வரைபடத்தில் எல்லா நாடுகளின் சூரியசக்தி விண்ணப்பக் கோடுகளும் கடைசியில் சரிவதைப் பார்த்து, ஆராய்ச்சி படுத்துவிட்டது என்று அறிக்கையே எழுதிவிட்டேன். "டேய், உலகமே ஒண்டா தூங்கிட்டா? பேப்பர் இன்னும் வெளிய வரல்லடா" என்று மேசையில் அடித்துச் சிரித்தாய். டெங்கு உன்னைக் கொண்டுபோன அன்று உன் விண்ணப்பமும் அந்தப் பூட்டுக்குள்தான் இருந்திருக்கிறது.

நாம் உண்மையாகச் சண்டை போட்டது ஒரே விஷயத்துக்கு. ஒரு விண்ணப்பத்தை எந்த நாட்டின் கணக்கில் சேர்ப்பது? உரிமையாளரின் நாட்டில் என்றேன் நான். அந்த விவரம் எப்போதும் இருக்கும், வேலை சட்டென்று முடியும். கண்டுபிடித்தவனின் விலாசத்தில் என்றாய் நீ. பல விண்ணப்பங்களில் அதைக் கையால் தேட வேண்டும். "சல்லி போட்ட கம்பனி எங்க ஈக்கின்னு பாத்தா, மூளை எங்க வேலை செஞ்சதுன்னு தெரியாது மச்சான்." நேரமில்லை என்றேன். என் முறையே ஓடியது.

உன் அடுப்புக்குப் பணம் போட்டு உரிமையாளரானது ஒரு ஜெர்மன் கம்பனி. என் முறைப்படி நீ ஜெர்மனி.

மத்தியானம் உன் விண்ணப்பத்தை அச்செடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். உன் உம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அடுப்பின் படத்தைப் பார்த்தார்.

"இது பின்னுக்கு வெச்சுப் புகைச்ச சனியன்தானே? காயப்போட்ட என்ட வெள்ளை உடுப்பெல்லாம் கறுப்பாக்கினீங்களே ரெண்டு பேரும்!"

சிரித்தார். பிறகு விரல் கீழே இறங்கி நின்றது. "எங்கட ஊட்டு விலாசம்..." அந்த வரியை விரலால் தடவினார். "நீங்க எண்ணுற கணக்குல இதையும் சேப்பீங்களா மகன்? எங்கட நாட்டுக்கா?"

என் வாய் உனக்குத் தெரியும். இல்லாததை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் பழக்கம்.

"ஆமா உம்மா. நம்ம நாட்டுக்குத்தான்."

சொன்னபோது அது பொய்.

உன்னுடையதை மட்டும் மாற்றினால் அது களவு. மாற்றினால் எல்லா நாடுகளின் விண்ணப்பங்களையும் கண்டுபிடித்தவரின் விலாசப்படி எண்ண வேண்டும். அலுவலகம் திரும்பி மேலதிகாரியிடம் சொன்னேன்.

"அறிக்கை முடியப் போற நேரத்துலயா? மாசக்கணக்கா பிந்துமே" என்றார்.

"பிந்தட்டும் மேடம். எண்ணினதே பிழை."

"நீங்களா 'பிந்தட்டும்'னு சொல்றீங்க?" என்று என் முகத்தையே பார்த்தார். பிறகு, சரி என்றார்.

இலங்கையின் கோட்டில் இப்போது நீ ஒரு புள்ளி. சீனாவுக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. இருக்கிறாய், அவ்வளவுதான்.

விலாசமில்லாத பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கிவிட்டேன். இந்த நேரம் திரையில் ஒரு பெண்ணின் பெயர். மின்கலத்தில் ஏதோ செய்திருக்கிறாள். உரிமையாளர் கொரியாக் கம்பனி. அவள் எந்த ஊர்க்காரி என்று தெரியவில்லை. தெரியும்வரை அடுத்த பெயருக்குப் போகமாட்டேன்.