உக்காருங்க சாமி

அன்புள்ள செல்வராணி,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன்: நேற்று நாய்க்குச் சொன்னதைக் கேட்டு நான் முள்ளில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் கோழித்தீவனம் விற்கப் போகும் நாமகிரிப்பேட்டையில், கந்தப்பன் என்பவரின் குச்சிக்கிழங்கைக் காட்டுப்பன்றி பாதி தின்றுவிட்டது. மீதியையாவது காப்பாற்ற, அவர் நாயோடு பன்றித் தடம் பார்த்துப் பாறை ஓடையில் இறங்கினோம். "உக்காருங்க சாமி" என்றார். இங்கே எல்லோரும் சாமிதான்; உட்கார்ந்தேன்.

"அய்யோ, உங்களையில்லீங்க, நாயைச் சொன்னனுங்க!"

அப்போது ஒரு பாறையே எழுந்ததுபோல் பன்றி எழுந்தது. நாய் அதன் மூக்குக்கு நேரே போய் அசையாமல் நின்று உறுமியது. கடைசியில் பன்றிதான் திரும்பி மலையேறியது. நாயைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வேட்டி கிழிந்துபோனது. நம்மூர்க் கடையில் ஒன்று வாங்கி அனுப்பு. நீயே கொண்டுவந்தாலும் சரி. பஸ் வந்துவிட்டது.

உன்
சங்கரலிங்கம்

நாயின் தைரியத்தைப் புகழ்ந்தேனா, கந்தப்பன் சொன்னார்: "அதுக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுங்க."