திறப்பு யாரிடம்

ஆடி 5, சனி

கச்சான் காற்று. வாசல் முழுக்க மண். கூட்டிவிட்டுத் திரும்பினால் மறுபடி மண். கொடியில் போட்ட உடுப்பெல்லாம் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கயிறு மாதிரி.

வகுப்பு. கடைசிப் பருவம். வரவு குறைவு. ஒருத்திக்கு மச்சாளின் கலியாணம், ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருத்தியின் மாமியாருக்குக் கண் சத்திரசிகிச்சை. வகுப்புக்கு வராத பெண்கள் ஏன் வரவில்லை என்று யாராவது ஆய்வு செய்தால் புத்தகமே எழுதலாம்.

மெடம் என் ஆய்வுத் தலைப்பைப் படித்தார். 'மீன் இறங்குதுறையில் பெண் தொழிலாளர்: தண்ணீரும் மலசலகூடமும்.' மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மற்றப் பிள்ளையள் எல்லாம் அதிகாரம், அடையாளம் எண்டு எழுதினம். நீங்கள் கக்கூசோ சுகந்தி?"

முகம் சுட்டது. பிறகு பார்த்தால் சிரிக்கிறார். "நல்ல தலைப்பு. ஆனா மலசலகூடம் இல்லை எண்டு மட்டும் எழுதினா அது மனு. ஆய்வில்லை. போய்ப் பாருங்கோ."

மனு, ஆய்வு. வீடு வரை இதே யோசனை.

பஸ்ஸில் பக்கத்து அம்மா, என்ன படிக்கிறீங்கள் என்றார். பால்நிலைக் கற்கைகள் என்றேன். "ஆ, பாற்பண்ணையோ? எங்கட பெறாமகனும் மாடு வச்சிருக்கிறான்." திருத்தவில்லை. ஆணும் பெண்ணும் சமூகத்தில் எப்படி ஆக்கப்படுகிறார்கள் என்பதைப் பஸ்ஸில் எங்கே தொடங்குவது? இறங்கும்வரை மாட்டுக் கதை. நல்ல கதைதான்.

வாங்க: நீலப் பேனை, சவர்க்காரம், மகளுக்குக் கணிதக் கொப்பி, செத்தல் மிளகாய்.

ஆடி 6, ஞாயிறு

விடியவே இறங்குதுறை. கடல் எண்ணெய் பூசினது மாதிரி. படகுகள் வந்து, பெண்கள் வட்டமாகக் குந்தியிருந்து மீன் தெரிந்து பிரிக்கிறார்கள். சூடை ஒரு பக்கம், காரல் ஒரு பக்கம். கை ஓடுகிற வேகத்துக்குக் கண் ஓடவில்லை எனக்கு.

ஜெசிமா கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கவிழ்த்த பெட்டியொன்றைத் தள்ளி இருக்கச் சொன்னார். தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். உதட்டை மட்டும் நனைத்தார்.

"ஊட்ட போய்க் குடிப்பன் தங்கச்சி."

மற்றவர்களிடமும் கேட்டேன். எல்லோரும் அப்படியே. மத்தியானம் வீட்டுக்குப் போகும்வரை தண்ணீர் இல்லை. ஒருத்திக்குச் சலக்கடுப்பு வந்து ஆசுபத்திரியில் இருந்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது மற்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

நான் நினைத்தது: மலசலகூடம் இல்லை. பிழை. இருக்கிறது. ஐஸ் களஞ்சியத்துக்குப் பின்னால், மாபிள் போட்டு, 'பெண்கள்' என்று பலகையும் அடித்து. கதவில் ஆமைப் பூட்டு.

"திறப்பு ஆரிட்ட?"

"சங்கச் செயலாளரிட்ட. தேத்தண்ணிக் கடைக்குள்ள ஆணியில தொங்குது."

"கேட்டாத் தரமாட்டாரோ?"

"தரமாட்டன் எண்டு ஒருநாளும் சொல்லல்ல."

"கேட்டிருக்கிறீங்களோ?"

ஜெசிமா மீனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அத்தின ஆம்புளையள் தேத்தண்ணி குடிச்சிட்டு இரிக்கக்குள்ள நான் போய் அதக் கேக்கிறதா? கேட்டு எடுத்துட்டு, எல்லாரும் பாக்க நடந்து போறதா?"

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று ஞாபகமில்லை. மெடம் சொன்னது இதுதான். கட்டடம் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, தரமாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஒருத்தி போக ஏலாது. அது எப்படி என்று எழுதினால் அது ஆய்வு.

சந்தோஷமாகவே சமைத்தேன். உப்புப் போட மறந்துபோனேன்.

ஒரு விஷயம் மட்டும். சங்கச் செயலாளர் சந்திரன் அத்தான். என் மனுசன் யோகனின் சொந்த அண்ணன்.

ஆடி 8, செவ்வாய்

அலுவலகம். சீமெந்துக் கப்பல் ஒன்று நாளை உள்ளே வருகிறது, அதற்கான கடிதங்கள். நான் கப்பல் முகவரின் எழுதுவினைஞர், யோகன் கப்பலை இழுக்கிற படகில். ஒரே கப்பலை நான் கடதாசியில் கொண்டு வருகிறேன், அவர் கயிற்றில் கொண்டு வருகிறார் என்று மகளுக்குச் சொல்வார்.

பின்னேரம் வீட்டில் தேநீர் குடிக்கும்போது யோகனிடம் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒன்றைக் கையில் வைத்தபடியே இருந்தார்.

"அண்ணாவைப் பற்றி எழுதப் போறீரோ?"

"அண்ணாவைப் பற்றி இல்லை. திறப்பைப் பற்றி."

"திறப்பு அண்ணாட்டத்தானே இருக்கு."

மற்றச் சப்பாத்தையும் கழற்றி ஓரமாக வைத்தார்.

"வேற இறங்குதுறை இல்லையோ? குச்சவெளிப் பக்கம் போய் எழுதலாமே."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கஷ்டம். யோகனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைக்க அலைந்தது அத்தான். எங்கள் கலியாணத்துக்கு என் வீட்டார் முகம் சுளித்தபோது வந்து கதைத்ததும் அத்தான். நல்ல மனுசன். கெட்ட மனுசன் என்றால் எழுதுவது லேசு.

ஆடி 11, வெள்ளி

குச்சவெளி யோசனை நாலு நாளாக. கடற்கரை வீதியால் பஸ், ஜன்னலோரம் இருந்தால் வழி முழுக்கக் காற்று. ஆர் கேட்கப்போகிறார்கள்? ஆனால் நான் பார்த்தது குச்சவெளியில் இல்லை.

மகள் தலைமயிரைத் தானே வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் கட்டை. திட்ட வாய் வரவில்லை, வடிவாகத்தான் இருக்கிறது.

மெடத்துக்குப் போன் எடுத்துச் சொன்னேன். என் குடும்பம், என்ன செய்ய என்று.

"அவரிட்ட நேர்காணல் எடுத்தீங்களோ?"

"இல்லை மெடம்."

"எடுங்கோ. அவரிட்டயும் ஒரு நியாயம் இருக்கும். அதைக் கேக்காம எழுதினா உங்கட ஆய்வு அரைவாசி."

எனக்குத் தோன்றவேயில்லை. பெண்களிடம் மட்டும் கேட்டுவிட்டுப் பெண்களைப் பற்றிப் படிக்கிறேன் என்று நினைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போவது. யோகனும் வருகிறாராம். "நீர் தனியப் போகவேண்டாம்." எனக்குத் துணையா, அண்ணாவுக்குத் துணையா தெரியவில்லை.

ஆடி 13, ஞாயிறு

எல்லாவற்றையும் இன்றே எழுதிவிட வேண்டும்.

அத்தான் வீடு. முன் அறையில் கிரிக்கெட். அத்தான் சாய்வுக் கதிரையில், யோகன் பக்கத்தில், நான் எதிரில் கொப்பியோடு. மலர் அக்கா, அத்தானின் மனுசி, குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். கதவு திறந்தபடி.

நேரே சொன்னேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. அத்தானின் முகம் சிவந்துபோனது.

"ஒருத்தரும் என்னட்ட வந்து கேட்டதில்லை. கேட்டு நான் இல்லை எண்ட ஒரு நாளைச் சொல்லும் பாப்பம்."

"இல்லை அத்தான். அதைத்தான் எழுதுறன். ஒருத்தரும் கேக்கேல்லை."

"அப்ப பிழை என்னிலையோ?"

"பிழை எண்டு எழுதேல்லை. திறப்பு ஏன் கடைக்குள்ள இருக்கு எண்டு கேக்க வந்தனான்."

"முதல் பூட்டில்லாமத்தான் கிடந்தது. பெடியள் உள்ளுக்குப் போய்ச் சிகரட் பத்தி, குழாயையும் உடைச்சுப் போட்டாங்கள். நான்தான் பூட்டு வாங்கிப் போட்டனான். ஆருக்காக? அந்தப் பொம்பிளையளுக்காக. இப்ப நீர் வந்து என்னைக் குற்றவாளி ஆக்கிறீர்."

எழுதிக்கொண்டேன். அவர் சொன்னது உண்மை. அவர் அவர்களுக்காகவே பூட்டியிருக்கிறார்.

யோகன் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கு எத்தனை ஓட்டம் என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திராது.

குசினியில் திருவுகிற சத்தம் நின்றது.

"நானும் அங்க வந்தாத் தண்ணி குடிக்கிறேல்லை."

மலர் அக்கா. எழும்பி வரவில்லை, குரல் மட்டும்.

"என்ன?" என்றார் அத்தான்.

"உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வாற நாளில. காலமைத் தேத்தண்ணியும் குடிக்காமத்தான் வெளிக்கிடுறனான். திரும்பி வீட்டை வரும்வரைக்கும்."

"என்னட்டக் கேக்கலாமே. நான் உன்ர மனுசன்."

"உங்களைச் சுத்தி அத்தினை பேர் இருக்கினம். அதுக்குள்ள வந்து நான் என்னெண்டு கேக்கிறது?"

திருவுகிற சத்தம் மறுபடி.

அத்தான் கதிரையின் கையைத் தடவிக்கொண்டு இருந்தார். என்னைப் பார்க்கவில்லை, குசினியையும் பார்க்கவில்லை. கடைசியில், "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார்.

பிட்டு, சொதி, பொரித்த மீன். மகளின் தலைமயிரைப் பற்றிக் கதைத்தோம். வேறு ஒன்றும் இல்லை.

திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் யோகன், உள்துறைமுகம் தெரிகிற வளைவில் வேகத்தைக் குறைத்தார்.

"எழுதும்" என்றார்.

ஆடி 15, செவ்வாய்

ஜெசிமாவின் போன், அலுவலக நேரத்தில். அத்தான் பூட்டையே கழற்றிக் கடலில் எறிந்துவிட்டாராம்.

சந்தோஷமா என்று கேட்டேன். "என்ன சந்தோசம், நேத்தே பொடியனுகள் உள்ளுக்குப் போயிட்டானுகள்" என்றார்.

ஆடி 18, வெள்ளி

அலுவலகத்துக்கு மறுபடி ஜெசிமாவின் போன். இறங்குதுறையில் பெரிய கதை. பெண்கள் எல்லோரும் சேர்ந்து தேத்தண்ணிக் கடைக்கே போய் அத்தானிடம் கேட்டிருக்கிறார்கள். பூட்டு வேணும், ஆனால் திறப்பு எங்களிடம். கடையில் இருந்த ஆண்கள் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். அத்தான் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார்.

பிறகு அடுத்த சண்டை: திறப்பு எந்தப் பெண்ணிடம்? ரவுண் ஆட்கள் கிட்ட இருப்பதால் முதலில் வருகிறார்கள், ஆகவே தங்களிடம் என்கிறார்கள். கிண்ணியா ஆட்கள் எண்ணிக்கையில் கூட, ஆகவே தங்களிடம். ஒருத்தி கோபித்துக்கொண்டு ஒரு நாள் வேலைக்கே வரவில்லை. கடைசியில் ஜெசிமா, "ரெண்டு திறப்பு வெட்டினாச் சரிதானே, இதுக்கு இவ்வளவு கதையா" என்று, பக்கத்துக்கு ஒன்று.

வாய்விட்டுச் சிரித்தேன். மனேஜர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

சண்டையையும் ஆய்வில் சேர்க்க வேண்டும். பெண்கள் எல்லோரும் ஒரே மனசு என்று எழுதினால் பொய்.

ஆடி 27, ஞாயிறு

திருத்தி முடித்துக் கொடுத்தாயிற்று. அத்தானின் நியாயம் முழுதாக இருக்கிறது, அவர் சொன்ன சொல்லிலேயே. பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும்.

யோகன் முதன்முறையாக முழுவதையும் வாசித்தார். பின்னேரம் தொடங்கி, மகள் விளக்கைப் போட்டுக் கொடுக்கும்வரை. எழுத்துப் பிழை கண்டுபிடித்தார். பெருமை தாங்கவில்லை அவருக்கு, பிழை கண்டுபிடித்ததில்.

மாம்பழம் மலிவு. ஒரு பை நிறைய.

ஆவணி 2, சனி

வாய்மொழிப் பரீட்சை.

காலையில் மலர் அக்கா வாசலில். சேலை உடுத்து, கைப்பையோடு. "நானும் வரட்டோ? சும்மா பாக்க." பல்கலைக்கழகத்துக்குள் இதுவரை போனதில்லையாம். கூட்டிக்கொண்டு போனேன். வெளியில் மர வாங்கில் உட்கார்ந்து இருந்தார்.

உள்ளே மூன்று பேர். வெளியிலிருந்து வந்த பரீட்சகர் கேட்டார்: "ஒரு பூட்டைப் பற்றிச் சொல்ல நாலு வருடப் படிப்பு வேணுமோ?"

"நான் கனகாலம் அந்த இறங்குதுறையில மீன் வாங்கினனான் சேர். அந்தக் கதவைக் கண்டதேயில்லை. படிச்சபடியாத்தான் கண்டனான்."

தலையாட்டினார். பிறகு மேற்கோள் போட்ட முறை பற்றி வெளுத்து வாங்கினார். அது சரிதான், பிழைதான் அது.

சித்தியடைந்தேன். சிறு திருத்தங்களோடு கட்டிய பிரதி அடுத்த கிழமை கொடுக்க வேண்டும். மெடம் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

சிற்றுண்டிச்சாலையில் நானும் அக்காவும். பால் தேநீர், ரோல்ஸ்.

"நான் அண்டைக்குச் சொன்னதையும் எழுதினனீரோ?"

"ஓம் அக்கா. பங்குபற்றுநர் ஒன்பது."

"அது ஆர்?"

"நீங்கள்தான். பேர் போடுறேல்லை. ஒருத்தருக்கும் கரைச்சல் வரக்கூடாது எண்டு."

ரோல்ஸைப் பிய்த்துக்கொண்டு யோசித்தார். "எனக்கென்ன கரைச்சல்? அந்தாளுக்கு முன்னாலதானே சொன்னனான். பேரைப் போட்டிருக்கலாம்."

மெடத்திடம் ஓடிப்போய்க் கேட்டேன். உள்ளே மாற்ற ஏலாது, நன்றியுரையில் போடலாம், அவர் விரும்பினால். "விரும்புறா மெடம்" என்றேன்.

பின்னேரம் கணினியைத் திறந்தேன். நன்றியுரை. மெடம், ஜெசிமா சம்மதித்ததால் ஜெசிமா, யோகன், மகள், அத்தான். பிறகு 'மலர்' என்று அடித்துவிட்டு நின்றேன். மலர்விழியா, மலர்க்கொடியா? கலியாணம் செய்து வந்த நாளிலிருந்து மலர் அக்கா. அழைப்பிதழ்களில் திருமதி சந்திரன்.

போன் எடுத்தேன். அத்தான்தான் எடுத்தார்.

"அத்தான், அக்காவின்ர முழுப்பேர் என்ன? புத்தகத்தில போடவேணும்."

"பொறும், அவவிட்டையே குடுக்கிறன்."

அக்கா வந்து எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

"மலரரசி. ரெண்டு 'ர' வரும். பாத்துப் போடும்."