பூக்காத பியோனிக்கு உன் அப்பா செய்யும் சேவகம்

ஹேசே
23 ஏப்ரல் 1996

அன்பு மகள் யுன்ஷுவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளை தவறாமல் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஜியாயியும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். நீ அனுப்பிய போட்டோ வந்தது. குழந்தைக்கு உன் அப்பாவின் காது அப்படியே வந்திருக்கிறது, பிடிவாதம் வராமல் இருந்தால் சரி. போட்டோவைத் தான் பார்க்கவே இல்லை என்று அவர் என்னிடம் நான்கு முறை சொன்னார். மேசைமேல் நான் வைத்த போட்டோ மறுநாள் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது, அதுவாக நடந்து போயிருக்கும்.

நீ தெற்கத்திப் பையனைக் கட்டிக்கொண்டு ஃபோஷானுக்குப் போன அன்று இவர் முற்றத்தில் நின்று, "அந்தக் கட்டை என்னிக்குப் பூக்குதோ அன்னிக்குப் பேசறேன் அவகிட்ட" என்று பியோனிச் செடியைக் காட்டிக் கத்தினாரே, நினைவிருக்கிறதா? அது பூக்காது என்ற தைரியத்தில் சொன்னது. தெருவே கேட்டுவிட்டது, இனி எப்படி மாற்றுவார்? ஒரு மாதம் முறைப்பாக இருந்தார். பிறகு பார்க்கிறேன், காலையில் எழுந்ததும் அந்தக் கட்டைக்குத்தான் முதல் மரியாதை. நான்கு வருடமாக நடக்கும் கூத்தைக் கேள். ஊரெல்லாம் பூத்து நம் செடி மட்டும் மொட்டையாக நிற்கும் ஒவ்வொரு வசந்தத்திலும் பொறுக்க மாட்டாமல் அதைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவார். மதிலோரம், அப்புறம் சீமைப்பனிச்சை மரத்தடி, அப்புறம் நிலக்கரிக் கொட்டகைப் பக்கம், இப்போது வாசல் கதவருகே. பியோனியை இலையுதிர் காலத்தில்தான் நகர்த்த வேண்டும் என்பது இந்த ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும், இவருக்கும் தெரியும், ஆனால் அதுவரை கை சும்மா இருக்க வேண்டுமே. பக்கத்து வீட்டு சுய் அம்மாளிடம் யோசனை கேட்கச் சொன்னால், முப்பது வருஷம் தானியக் கிடங்கைக் கட்டி ஆண்ட தனக்கு அவள் பாடம் நடத்துவதா என்கிறார். அந்த அம்மாள் தன் வீட்டுச் செடியைத் திரும்பியும் பார்ப்பதில்லை, அதில் வருடம் இருபது பூ.

இந்த வருடம் என்ன புண்ணியமோ, போன வசந்தத்தில் இவர் முதுகுவலியில் படுத்துக் கிடந்ததால் செடி ஒரே இடத்தில் இருந்து ஒரு மொட்டு விட்டது. ஒன்றே ஒன்று. விட்டாரா? சோயாப் புண்ணாக்கை ஊறவைத்து வாளி வாளியாக ஊற்றினார், வீடே நாறியது. போன வாரம் மொட்டு கறுத்து உதிர்ந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், ஆட்டு சூப் வைத்தும் எழுந்து வரவில்லை. நான் வாய் ஓயாமல் கேலி செய்கிறவள்தான், ஆனால் அன்று எனக்கு மனசு பொறுக்கவில்லை, யுன்ஷு.

நேற்று அவர் முடி வெட்டிக்கொள்ளப் போனபோது சுய் அம்மாளிடம் ஒரு பூ வாங்கி நம் செடியில் தையல் நூலால் கட்டினேன். அவசரத்தில் ஒன்றை மறந்தேன். நம் செடி வெள்ளைப் பூ ரகம், வாங்கிய நாளிலிருந்து ஊருக்கெல்லாம் அவர் சொல்லி வைத்தது. நான் கட்டியதோ அடர்ந்த ஊதா. வந்தார், பார்த்தார். நான் சமையலறை ஜன்னலில் ஒளிந்து நின்றேன். கிட்டே போய்க் குனிந்தார். நூல் தளர்ந்திருந்தது போல, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதை இறுக்கி இன்னொரு முடிச்சுப் போட்டார். பிறகு நிமிர்ந்து, "பூத்துருச்சு" என்று தெருமுனை வரை கேட்கச் சொன்னார். சுய் அம்மாள் சும்மா இருப்பாளா, "என்னண்ணே, வெள்ளைன்னு சொன்னீங்க" என்றாள். "வெள்ளைதான். நீங்க மொதல்ல கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உன் போன் நம்பரை என்னிடம் கேட்டார்.

மே ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குத் தபால் நிலையத்திலிருந்து பேசுவார், வீட்டிலேயே இரு. உப்பைக் குறைத்துச் சாப்பிடு, குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து இருங்கள். முக்கியமாக ஒன்று, மறக்காதே. பூ வெள்ளை என்று உன் அப்பா சொல்வார். ஆமாம்பா என்று சொல்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா