ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம்

நாட்றாம்பாளையம்
ஆடி மாதம், 2009

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மாதவன் அவர்களுக்கு, மாமனார் எல்லப்பன் சொல்லச் சொல்ல மளிகைக் கடை முனீர் அகமது எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். ஓசூரில் நீங்களும் ஜோதிமணியும் சுகமாக இருக்க வேண்டும்.

மழை ஒன்று நன்றாகப் பெய்தது. ராகி விதைத்தாயிற்று. யானை இந்த வருஷம் இன்னும் நம் காட்டுப் பக்கம் வரவில்லை. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. சீம்பால் காய்ச்சும்போது உங்கள் அத்தை ரங்கம்மா, மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று உங்களைத்தான் நினைத்துக்கொண்டாள்.

ஜோதிமணி கடைக்கு போன் செய்தாள். ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னீர்களாம். நியாயம்தான். கூட வேலை செய்கிறவர்கள் பார்க்க, போலீஸ் நடுரோட்டில் நிறுத்தி அபராதம் போட்டால் யாருக்கும் ரோஷம் வரும். இடத்தைக் காட்டிக்கொடுத்தது சொந்த மாமனார் என்றால் கேட்கவே வேண்டாம்.

நடந்தது இதுதான். வைகாசியில் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டாக்டரம்மா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் சட்டம் நம் பக்கமும் இருக்கிறது, யாரும் மதிப்பதில்லை, அதை ஒழுங்காக நடத்தச் சொல்லிக் கலெக்டருக்கு மனு என்றார். கைநாட்டு வைத்தேன். ஏதாவது சொல்லுங்கள் பெரியவரே என்று மைக்கை நீட்டினார். நம் பையன்கள் பெங்களூர் கம்பெனியிலிருந்து வரும்போது கர்நாடகா போலீசுக்குப் பயந்து அத்திப்பள்ளி வரைக்கும் தலையில் மாட்டியிருப்பதையும், ஜூஜூவாடிக்குள் நுழைந்ததும் கழற்றி முழங்கையில் வளையல் மாதிரி கோத்துக்கொள்வதையும் சொன்னேன். "எல்லை தாண்டினா மண்டை கல்லாயிடுதா சாமி?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. ஓரமாக நின்ற போலீஸ்காரரும் சிரித்தார். அடுத்த வாரமே ஜூஜூவாடியில் ஆள் போட்டுவிட்டார்கள். மைக்கில் பேசிய பெருமையை நானே ஜோதிமணியிடம் அளந்திருந்தேன். உங்கள் காதுக்கு வராமல் இருக்குமா?

உங்களை நினைத்துச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். உங்களை நினைத்துத்தான் சொன்னேன்.

என் மகன் சென்னகிருஷ்ணனைப் பற்றி உங்களிடம் நான் பேசியதில்லை. உங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் போய்விட்டான். உங்களைப் பார்க்க அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அன்றைக்குப் போட்டிருந்தது கம்பெனி நீலச் சட்டை. மேல் பொத்தான் மட்டும் வெள்ளை, அவன் அம்மா தைத்துக் கொடுத்தது. ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம்தான் விழுந்தான். லாரி, பஸ் எதுவும் மோதவில்லை. ரோட்டோர மணலில் வண்டி சறுக்கிவிட்டது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அவன் சாமான்களைக் கையில் கொடுத்தார்கள். ஹெல்மெட்டும் இருந்தது. முழங்கையில் கோத்திருந்த பக்கம் கொஞ்சம் மண். மேலே ஒரு கீறல் இல்லை, மாப்பிள்ளை. கடையில் வாங்கியபடியே இருந்தது.

இந்த இடத்தில் முனீர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஆடிக்கு அழைக்கிற லெட்டருங்க மாமா. இதெல்லாம் வேணுமா?" என்கிறார். எழுதுப்பா என்றேன்.

ஒகேனக்கல்லில் தண்ணீர் நிறைய வருகிறதாம். ஆடிப் பதினெட்டுக்கு வாருங்கள். பஸ்ஸில் வரச் சொன்னால் கேட்க மாட்டீர்கள், பைக்கில்தான் வருவீர்கள். அஞ்செட்டி வளைவுகள் உங்களுக்குத் தெரியாததல்ல. ஜோதிமணிக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கி மாட்டிவிடுங்கள். தலையில் வைத்த பூ நசுங்கும் என்று சண்டை போடுவாள். நசுங்கட்டும். ரங்கம்மா இங்கே வேறு பூ வைத்துவிடுவாள்.

வந்தால் என்னோடு பேச வேண்டும் என்று இல்லை. கோழிக் குழம்பு ஊற்றும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டே சாப்பிடுங்கள். திருப்பிக்கொள்ளவாவது அந்த முகம் எனக்கு வேண்டும்.

ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
மாமனார் எல்லப்பன்